பரண்மேல் கிடந்த வேர்

என் வயதுக்காரர்களே, பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு விடிகிறவரை மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிற என் கூட்டத்தாரே, இது உங்களுக்குத்தான். இளசுகள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கென்ன, படுத்தவுடன் தூக்கம் வருகிறது.

போன மாதம் என் மருமகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது எனக்கென்று ஒரு டப்பா கொண்டுவந்தாள். "இந்தப் பொடியைத் தண்ணியில கலந்து குடிச்சா நல்லா தூக்கம் வருமாம் அத்தை, அங்க நிறைய பேர் குடிக்கிறாங்க" என்றாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மண் வாசனை. அதற்கு அடியில் லேசாக ஒரு மிளகுக் காரம். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதை எனக்குப் பத்து வயசுலயே குடுத்துட்டாங்கம்மா, பானகத்துல" என்றேன். மாமியாருக்குத் தூக்கத்தோடு புத்தியும் போய்விட்டதோ என்று பாவம் பயந்துபோய்ப் பார்த்தாள்.

அது 1970. பசிபிக் கடலில் இருக்கிற பிஜித் தீவுகளுக்கு வெள்ளைக்காரர்கள் சுதந்திரம் கொடுத்த வருஷம். அதற்கும் ஸ்ரீரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்கள் அங்கேயே தங்கிப்போய், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியபோது கப்பலேறிப் போனவர். பெரியம்மாவும் கூடப் போனாள். அவர்களுடைய ஒரே மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வயது வரை தீவில் வளர்ந்துவிட்டு, படிப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவதிலிருந்து கணக்குச் சொல்லித்தருவது வரை எல்லாம் அவள்தான். அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

எங்கள் வீடு திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற சாலையில், மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. இன்று ராஜகோபுரம் என்று எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறார்களே, அது அப்போது பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரம்தான். அப்பாவுக்கு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேப்பர் படிப்பார். அதனால் உலக விவகாரத்தில் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

லண்டனில் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள், அக்டோபரில் தீவுக்குச் சுதந்திரம் என்று சித்திரை வெயிலில் ரேடியோ சொன்னது. சித்தப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அவ்வளவுதான். பர்மா கதைதான் இனிமே" என்றார்.

அந்த ஒரு சொல் போதும் திருச்சிக்காரர்களுக்கு. பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கி அதிக வருஷம் ஆகியிருக்கவில்லை. அங்கே கடையும் வீடுமாக வாழ்ந்தவர்கள் இங்கே மரத்தடியில் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அப்படி வந்த ஒரு அம்மா எங்கள் தெருமுனையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். பர்மாக்கார அம்மா என்றே அவருக்குப் பெயர். அம்மா அவரிடம் போய், வரும்போது என்னென்ன கொண்டுவர விட்டார்கள் என்று கேட்டாள்.

"காதுல கழுத்துல கெடந்ததைக்கூட கழட்டி வச்சுட்டுத்தாங்க கப்பல் ஏறினோம்" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

ஒரு நாடு சுதந்திரம் அடைந்தால் வெளியிலிருந்து போனவர்களை மூட்டையோடு அனுப்பிவிடுவார்கள் என்பது அன்று முதல் எங்கள் வீட்டில் வேதவாக்கு. பெரியப்பாவின் கடிதங்களில் சௌக்கியம் என்றுதான் இருக்கும். சித்தப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். "பர்மாவுலேருந்தும் கடைசி வரைக்கும் சௌக்கியம்னுதான் எழுதினாங்க" என்பார்.

வீடு அகதிகளை வரவேற்கத் தயாரானது. பின்கட்டில் விறகு அடுக்கிக் கிடந்த அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அப்பா ஒரு பழைய கட்டில் வாங்கிவந்தார். அம்மா இரண்டு வெங்கல டம்ளரைப் புளிபோட்டுத் தேய்த்து அங்கே கவிழ்த்து வைத்தாள். எனக்கு அது பொம்மை வீடு மாதிரி இருந்தது. யாரும் இல்லாதபோது கட்டிலில் ஏறிக் குதிப்பேன்.

அக்கா மட்டும் அந்த அறைக்குள் போகவே மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வைத்துவிட்டு நேரே பர்மாக்கார அம்மாவிடம் போய்விடுவாள். கொக்கி வைத்தாள், காஜா எடுத்தாள், ஆடி பிறப்பதற்குள் மிஷினே மிதித்தாள். என்ன பொறுப்பான பெண் என்று வருகிறவர்களிடமெல்லாம் சித்தப்பா பெருமையடித்துக்கொண்டார். ஒருநாள் அவள் அப்பாவிடம் வந்து, பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றாள்.

"ஏம்மா?"

"அம்மாவும் அப்பாவும் ஒண்ணுமில்லாம வருவாங்கல்ல சித்தப்பா. உங்களுக்கு எவ்வளவுதான் பாரம்? நான் தைச்சு அவங்களைப் பாத்துக்குவேன்."

அப்பா அவள் தலையைத் தடவினார். அதெல்லாம் வேண்டாம், நீ படி என்று அவர் சொல்லவில்லையே என்று அப்போதே எனக்கு ஆத்திரமாக வந்தது. வகுப்பில் முதலாவதாக வருகிற பெண்ணின் படிப்பு, எங்கோ கடலுக்கு நடுவில் நடக்கிற ஒரு விவகாரத்தில் சிக்கி நின்றது. பெரியவர்கள் எல்லோரும் அதைப் பொறுப்பு என்று மெச்சினார்கள்.

அந்த ஆடியில்தான் தீவுக்காரர் வந்தார். பெரியப்பாவின் பழைய மாணவர். உதவித்தொகையில் திருச்சியில் ஒரு கல்லூரியில் படிக்க வந்திருந்தார். நம் தமிழ்க்காரர் அல்ல. அந்தத் தீவின் சொந்த ஜனம். நிலையில் தலை இடிக்கிற உயரம், குடை விரித்தாற்போல் தலைமுடி, இடுப்பில் முழங்காலுக்குக் கீழே நிற்கிற ஒரு துணி. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அவருக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் ஊர்வலமாக வந்தார்கள்.

வாசலில் நின்று கைகூப்பினார். "வணக்கம். தங்கள் தமையனாரின் மாணவன் யான். உள்ளே வரலாமா?"

பெரியப்பா பாடப் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொடுத்த தமிழ். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வருக, அமருக" என்று தானும் மேடைத்தமிழ் பேசிவிட்டார். சமையலறையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். காய்ந்த வேர்கள், சாம்பல் நிறத்தில் முறுக்கிக்கொண்டு, மேலே ஒரு சிவப்பு நாடா. அதை முன்னால் வைத்து, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினார். தன் பாஷையில் மெதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அப்பா பக்கம் நகர்த்தினார். பிறகு எதற்கோ காத்திருக்கிற மாதிரி அப்பா முகத்தையே பார்த்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா விட்டத்தைப் பார்த்தார். கடைசியில் அப்பா கட்டைத் தொட்டு, "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். அவர் இன்னும் காத்திருந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். காபியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தார்.

அவர் தலை மறைந்ததும் சித்தப்பா ஆரம்பித்தார். "பாத்தீங்களாண்ணே? வேரோட பிடுங்கிக் கொண்டாந்து கையில குடுத்துட்டுப் போறான். உங்க ஆளுங்களை இப்படித்தான் பிடுங்கப்போறோம்னு அர்த்தம். படிச்ச ஆளு, வாயால சொல்லாம ஜாடையாச் சொல்லிட்டான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேர் என்றதும் வேரோடு பிடுங்குவதுதான் நமக்கு ஞாபகம் வரும். அப்பா முகம் கறுத்துவிட்டது. வெளியே எறிந்தால் தெரிந்து கோபித்துக்கொள்வான், வீட்டில் வைத்தால் ஆகாது என்று யோசித்து, கட்டைப் பரண்மேல் போட்டார்கள். தையலுக்குப் போயிருந்த அக்காவிடம் மூச்சுவிடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

அப்புறம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். அக்கா மட்டும் அவர் கண்ணில் படாமல் பர்மாக்கார அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவருக்கு ஒரே சந்தோஷம். தீவு ஜனங்களுடைய தலைவர்களும் நம்மவர்களுடைய தலைவர்களும் லண்டனில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டதை அப்படி ரசித்துச் சொல்வார். கேட்கிற எங்கள் வீட்டார் முகமெல்லாம் இழவு வீடு மாதிரி இருக்கும். ஆனால் இலையில் மட்டும் அப்பம், வடை, பாயசம். அவரைக் குளிரவைத்தால் பெரியப்பா பிழைப்பார் என்று சித்தப்பாவின் யோசனை.

"நாளைக்கு நீங்க பெரிய அதிகாரியா வந்தா எங்க அண்ணனை மறந்துடாதீங்க" என்று ஒருநாள் கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"ஆசிரியரை மறப்பவன் மனிதனே அல்லன்" என்றார் தீவுக்காரர்.

அவர் போனதும் சித்தப்பா, "பிடி குடுக்குறானா பாருங்க" என்றார்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் பெருமாள் சந்நிதியில் நின்று, அந்தத் தீவுக்குச் சுதந்திரம் வராமல் தள்ளிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தார்கள். வாயில் மிட்டாயோடு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நமக்கு வந்தா மிட்டாய், அவங்களுக்கு வந்தா வேண்டுதலா?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெருமாள் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அக்டோபர் பத்தாம் தேதி, புரட்டாசிச் சனிக்கிழமை, தீவில் கொடி ஏறிவிட்டது என்று காலையிலேயே ரேடியோவில் வந்தது. அப்பா எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார். அக்கா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தச் சுண்ணாம்பு அடித்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோவிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு வாசலில் பானகம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். துக்கமோ சந்தோஷமோ, அம்மா அதை விடமாட்டாள். அன்று கடைசிச் சனி வேறு, கூட்டம் தாங்கவில்லை. முதல் அண்டா காலி. இரண்டாவது அண்டாவுக்கு வெல்லம் இருந்தது, ஏலக்காய் இருந்தது, சுக்கு இல்லை. அம்மா பரணை அண்ணாந்து பார்த்தாள்.

"சித்தப்பா திட்டுவாரும்மா" என்றேன்.

"வேர்தானேடி. சித்தரத்தை மாதிரி ஏதோ ஒண்ணு. தம்பி அவ்வளவு ஆசையாக் கொண்டாந்து குடுத்தது, பல்லி எச்சம் பட்டுக் கெடக்கு. ஏணியைப் பிடி."

கழுவி, உரலில் போட்டு இடித்து, வெள்ளைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்தாள். தீவிலும் அப்படித்தான் செய்வார்களாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? பானகம் சேற்றுத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. பெருமாள் படத்துக்குக் காட்டிவிட்டு அப்பாவுக்கு ஒரு டம்ளர். ருசி பார்க்கிறேன் என்று சித்தப்பா இரண்டு டம்ளர். திண்டுக்கல்லிலிருந்து நடந்து வந்த ஒரு பெரியவர் குடித்துவிட்டு, "என்னம்மா, கிராம்பு போட்டீங்களா? பல்வலி போயிடுச்சே" என்றார். எனக்கும் ஒரு மடக்கு கிடைத்தது. உதடு, நாக்கு எல்லாம் மரத்துப்போனது.

"அண்ணி, நாக்கு எங்க இருக்குன்னே தெரியல. இதுல என்ன போட்டீங்க?" என்றார் சித்தப்பா.

"பரண்ல கெடந்த வேர்."

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விஷம் என்றார். டாக்டரைக் கூப்பிடு என்றார். இரண்டாவது டம்ளர் வேலை செய்ய ஆரம்பித்ததோ என்னவோ, அந்தக் குரலில் வழக்கமான முறுக்கு இல்லை. சரி, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடலாம் என்று தானே சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தீவுக்காரர் உள்ளே வந்தார். கையில் மடித்த ஒரு துணி. கல்லூரிக்கு விடுமுறை, விடுதியில் ஆளில்லை, தன் நாட்டுக் கொடியை இந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒரே வீட்டில் கட்டலாமா என்று கேட்க வந்திருந்தார். கேட்பதற்கு முன் மூக்கை உறிஞ்சினார். உரலைப் பார்த்தார்.

"இதை இடித்தது யார்?"

"நான்தாங்க. சுக்கு தீந்துபோச்சு. தப்பா?" என்றாள் அம்மா.

அந்த நெடிய மனிதர் உரல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைக் குவித்து ஒரு தட்டு. டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று தட்டு. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"அம்மையாரே, ஆடி மாதம் முதல் இதற்காகவே காத்திருந்தேன்" என்றார். "எங்கள் ஊரில் அயலூரான் ஒருவன் வந்தால் இந்த வேரைக் கொண்டுவந்து வைப்பான். வீட்டார் அதைக் கரைத்து அவனோடு அமர்ந்து குடித்தால் அவன் அந்த வீட்டான். நீங்கள் வாங்கினீர்கள், கரைக்கவில்லை. எவ்வளவோ உணவு கொடுத்தீர்கள், அதை மட்டும் கொடுக்கவில்லை. என்னை வெளியாளாகவே வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணி விடுதியில் அழுதிருக்கிறேன்."

சித்தப்பா சுவரோரத்திலிருந்து மெதுவாகக் கேட்டார். "அப்ப எங்க அண்ணனை வெளிய அனுப்பிட மாட்டீங்களா?"

"எங்கே அனுப்புவது?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஆசிரியர் வந்த அன்றே என் தந்தையின் வீட்டில் இதைக் குடித்தார். அவர் எங்கள் ஊர்க்காரர்."

"அது உங்க ஊர்ல. சர்க்கார் என்ன சொல்லுது?"

"சர்க்காரும் அனைவரும் குடிகள் என்றுதான் சொல்லியிருக்கிறது. யாருக்கு எத்தனை இடம், எப்படி ஓட்டுப் போடுவது என்று சண்டை இருக்கிறது. இனியும் இருக்கும். அது வீட்டுக்குள் நடக்கும் சண்டை."

எங்கள் எல்லோர் வயிற்றிலும் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பேச்செல்லாம் காதில் விழ, அக்கா பின்கட்டிலிருந்து வந்தாள். அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தவள் அப்படியே நின்றாள். ஒரு டம்ளர் எடுத்து வாயில் வைத்தாள்.

"சித்தி, இது எங்க வீட்டுக்குப் பின்னாடி சாயங்காலம் வர்ற வாசனை" என்றாள். அவ்வளவுதான், அம்மா தோளில் விழுந்து அப்படி அழுதாள். அந்த ஆறு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரவிக்கையை வாங்கிப் போக வந்திருந்த பர்மாக்கார அம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எங்க கையில யாரும் இப்படி ஒண்ணைக் குடுக்கலைங்க. குடுத்திருந்தா நாங்க வாங்கியிருப்போமான்னும் தெரியல" என்றார்.

கொடி கட்ட இடம் வேண்டும் என்று தீவுக்காரர் கேட்டபோது, அம்மா துணி காயப்போடுகிற கொடியைக் காட்டினாள். வானத்து நீலத்தில் அவரே வர்ணம் தீட்டிய கொடி எங்கள் பாவாடைகளுக்கு நடுவில் தொங்கியது. ஒரு மூலையில் வெள்ளைக்காரன் கொடி அப்படியே இருந்தது. போகிறவர்களை மரியாதையாக அனுப்ப வேண்டும் என்று பெரியவர்கள் விட்டுவைத்தார்கள் என்றார். நடுவில் ஒரு கேடயம்; அதில் கரும்பு, தென்னை, புறா, ஒரு வாழைத்தார். அப்பா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ஜீயபுரம் தாராட்டம்ல இருக்கு" என்றார். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடத்தில் கண்ட இடத்தில் படுத்துத் தூங்கினோம்.

அக்கா பரீட்சை எழுதினாள். கல்லூரிக்கும் போனாள். பெரியம்மா மறு வருஷம் கோடை விடுமுறைக்கு வந்தாள், காதிலும் கழுத்திலும் போட்டதெல்லாம் போட்டபடி. சுண்ணாம்பு அடித்த அறைக்கு விடுதியைக் காலி செய்துவிட்டுத் தீவுக்காரரே குடிவந்தார். கட்டில் போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாட்டில் பின்னால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. நம் ஜனங்கள் பலர் மனசு ஒடிந்து வேறு தேசங்களுக்குப் போனார்கள் என்று படித்தேன். சித்தப்பா பயந்ததெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரியப்பா தன் வேலை முடிந்து, தானாக விரும்பி, ஊரே வழியனுப்பித்தான் வந்து சேர்ந்தார்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். மருமகள் தந்த வேர்ப்பொடியைக் கரைத்து ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டோம். உள்ளங்கையைக் குவித்து ஒரு தட்டு தட்டிவிட்டுக் குடித்தாள்.

"அன்னிக்கு எவ்வளவு நிம்மதி, இல்லக்கா?" என்றேன்.

"நிம்மதிதான். அனுப்பமாட்டாங்கன்னு சொன்னதும் உசிரே வந்துச்சு." மூன்று தட்டு தட்டினாள். "ஆனா ஒண்ணுடி. அந்த ரூம்ல போய் உக்காந்து, இங்க அம்மா படுப்பாங்க, இங்க நான் படுப்பேன்னு பாத்து வச்சிருந்தேன். அனுப்பமாட்டாங்கன்னா அவங்க வரமாட்டாங்கல்ல. பாதி அழுகை அதுக்குத்தான்."

பொடி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. பாயை விரித்து, சின்ன வயதில் மாதிரி அவள் பக்கத்தில் ஒட்டிப் படுத்தேன். மருமகள் வந்து எழுப்பியபோது விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது.